பின்மனிதவாதம்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இலக்கியமும் சமூகவியலும் படிக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து போஸ்ட்ஹியூமனிசம் சம்பந்தமான நூல்களைப் படித்து வருகிறேன். தமிழில் அதைப் பின்மனிதவாதம் என்று எழுதுகிறேன். கூட்டத்திலும் டீக்கடையிலும் மாணவர்களின் வீட்டுத் திண்ணையிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சார், சுருக்கமா சொல்லுங்க, போஸ்ட்ஹியூமனிசம்னா என்ன?

மனிதனை உலகத்தின் நடுவில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கேள்வி கேட்கும் சிந்தனை. மனிதன் தனக்குள்ளேயே முழுமையான தனி ஆள் கிடையாது. விலங்கு, செடிகொடி, குடலில் வாழும் நுண்ணுயிர், கருவி, தண்ணீர், சட்டம், எழுத்து எல்லாம் சேர்ந்துதான் அவனை ஆளாக்குகின்றன. அங்கிருந்து இது தொடங்குகிறது.

இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஐரோப்பியத் தத்துவம் ‘மனிதன்’ என்று சொன்னபோது யாரை மனதில் வைத்திருந்தது? பெரும்பாலும் சொத்துள்ள, படித்த, வெள்ளைக்கார ஆணை. பெண்களும் அடிமைகளும் காலனி நாட்டு மக்களும் அந்த அளவுகோலில் குறைந்தவர்களாக நின்றார்கள். மனிதனுக்கும் மற்றவைக்கும் நடுவே கோடு எங்கே, மனிதருக்குள்ளேயே யார் உள்ளே, யார் வெளியே என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் கீழே வரும் பதில்கள் புரியும்.

இது ரோபோ, ஏ.ஐ., மூளையில சிப் வைக்கிறது, அந்தப் படிப்புதானே?

அவையும் வரும். ஆனால் நீங்கள் நினைப்பது டிரான்ஸ்ஹியூமனிசம். தொழில்நுட்பத்தால் மனிதனின் ஆயுளையும் அறிவையும் பலத்தையும் கூட்ட வேண்டும் என்பது அந்த இயக்கம். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1957-இல் அந்தப் பெயரைப் பரவலாக்கினார். 1998-இல் தத்துவவாதிகள் நிக் போஸ்ட்ராமும் டேவிட் பியர்சும் அதற்கு ஓர் உலகச் சங்கமே தொடங்கினார்கள்.

பின்மனிதவாதிகள் பலருக்கு அந்தப் போக்கு ஒத்துவராது. வேதியியல் படித்துவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர் கேதரின் ஹேல்ஸ். மனித மனதைக் கணினிக்குள் இறக்கிவிடலாம் என்று ரோபோ விஞ்ஞானி ஹான்ஸ் மொராவெக் எழுதியது அவரை உலுக்கியது. உடம்பை விட்டுவிட்டு அறிவை மட்டும் தனியே பிரித்தெடுக்கலாம் என்று நாம் எப்போதிருந்து நம்ப ஆரம்பித்தோம் என்று கேட்டு, 1999-இல் அந்த வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். அமெரிக்க இலக்கியக் கோட்பாட்டாளர் கேரி வுல்ஃப், டிரான்ஸ்ஹியூமனிசம் பழைய மனிதமையச் சிந்தனையின் தீவிர வடிவம்தான் என்கிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சாகாமல் இருக்கத் துடிக்கும் மனிதன் இன்னும் தன்னையேதான் நடுவில் வைத்திருக்கிறான்.

அப்ப இது மனிதநேயத்துக்கு எதிரா? மனுஷங்க மேல என்ன கோபம்?

கோபம் எதுவும் இல்லை. அடுத்தவர் பசிக்கு இரங்குவதை யாரும் எதிர்க்கவில்லை. முதல் பதிலில் சொன்ன அந்த அளவுகோலைத்தான் எதிர்க்கிறார்கள்.

யாரு ஆரம்பிச்சது?

ஒருவர் என்று சொல்ல முடியாது. 1966-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோ, நாம் இன்று அறியும் ‘மனிதன்’ அண்மைக் காலத்தில் உருவானவன் என்றும், கடற்கரை மணலில் வரைந்த முகம்போல அழிந்துபோகலாம் என்றும் எழுதி ஒரு நூலை முடித்தார். கெய்ரோவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த இலக்கிய விமர்சகர் இஹாப் ஹசன் 1977-இல் வெளிவந்த கட்டுரையில் பின்மனிதப் பண்பாடு ஒன்று வருகிறது என்றார். 1985-இல் டோனா ஹாரவேயின் சைபோர்க் அறிக்கை வந்தது. சைபோர்க் என்றால் உயிரும் இயந்திரமும் கலந்த ஒன்று. மனிதன், விலங்கு, இயந்திரம் என்ற எல்லைகள் ஏற்கெனவே கசிந்துவிட்டன என்று ஒரு சோஷலிசப் பெண்ணியவாதியாக நின்று அவர் எழுதியது அது. அப்புறம் ஹேல்ஸ், 2010-இல் வுல்ஃப், 2013-இல் தத்துவவாதி ரோசி பிரைடாட்டி என்று நூல்கள் அடுத்தடுத்து வந்தன.

ஹாரவேயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவர் அவர். ஆனால் இந்தப் பெயரை அவர் ஏற்கவில்லை. தன்னைக் குப்பை உரத்தின் பக்கம் நிற்பவள் என்று 2016-இல் எழுதினார். மட்கி, ஒன்றோடொன்று கலந்து, இன்னொன்றுக்கு உணவாவது என்ற பொருளில்.

இதுக்குன்னு ஆய்வாளர் கூட்டம் எங்கயாவது இருக்கா? இல்ல ஆளாளுக்கு எழுதுறாங்களா?

இருக்கிறது, ஆனால் ஒரே தலைமை கிடையாது. மின்னசோட்டா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2007 முதல் இதற்கென்றே ஒரு நூல் வரிசை கொண்டுவருகிறது. அதைத் தொடங்கியவர் வுல்ஃப். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பிரைடாட்டியைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் வளர்ந்தது. நியூயார்க்கில் ஃபிரான்செஸ்கா ஃபெராண்டோ கற்பிக்கிறார். 2017 முதல் தனி ஆய்விதழ் ஒன்றும் வருகிறது. இந்தியாவில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பிரமோத் கே. நாயர் 2014-இல் எழுதிய அறிமுக நூல் நம் மாணவர்கள் பலருக்கும் முதல் வாசல்.

இவர்களுக்குள் ஒற்றுமை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொருட்கள் பற்றிப் பேசுபவர்களை விலங்குரிமை பற்றிப் பேசுபவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வந்த கேரன் பராட், எந்தப் பொருளும் உறவுக்கு முன்னால் தனியாக இருப்பதில்லை என்பார். வேறு சிலர், ஒவ்வொரு பொருளிலும் எந்த உறவுக்கும் பிடிபடாத மிச்சம் உண்டு என்று எதிர்வாதம் செய்வார்கள். முதல் வருட மாணவர்களை இது குழப்பிவிடுகிறது. ஒருவரை நிதானமாகப் படித்து முடித்தபின் அடுத்தவரிடம் போவதே நல்லது.

தம்பி, என் பேத்தி இதைத்தான் படிக்கப் போறேங்கறா. வேலை கிடைக்குமா?

ஒரு ஆச்சி கேட்டது. ஆச்சி, இந்தப் பெயரில் தனியாக வேலை எதுவும் இல்லை. ஆங்கிலம், தமிழ், சமூகவியல் துறைகளில் ஆய்வு செய்பவர்கள் இதை ஓர் அணுகுமுறையாக எடுத்துக்கொள்கிறார்கள். வேலை அந்தத் துறையின் தகுதியில்தான் கிடைக்கும். கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி காட்டும் நெட், செட் தேர்வுகளையும் எழுதி வைப்பது நல்லது.

பேத்திக்கும் ஒரு வார்த்தை. தலைப்பை முடிவு செய்யும் முன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பார். ஏதோ ஓர் ஆங்கில அறிவியல் புனைகதையை எடுத்து ‘ஒரு பின்மனிதவாத வாசிப்பு’ என்று போட்ட ஆய்வேடுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. காசு கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடுகிறோம் என்று வாட்ஸாப்பில் வரும் இதழ்களை நம்பாதே. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிய தன் கேர் பட்டியலை 2025-இல் யூ.ஜி.சி. கைவிட்டதிலிருந்து இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு உன் மேலும் உன் நெறியாளர் மேலும்தான் இருக்கிறது.

பொருளுக்கும் செயல் உண்டுன்னு சொல்றாங்களே, கல்லும் மரமும் என்ன செய்யும்?

அமெரிக்க அரசியல் கோட்பாட்டாளர் ஜேன் பென்னட் 2010-இல் எழுதிய நூலில் ஒரு மின்தடையை எடுத்துக்கொள்கிறார். 2003 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் மூழ்கினார்கள். யார் செய்தது? கம்பிமேல் உரசிய மரக்கிளை, மென்பொருள் கோளாறு, நிறுவனங்களின் லாபக் கணக்கு, தளர்த்தப்பட்ட விதிகள், மின்சாரத்தின் சொந்தப் போக்கு, எல்லாம் சேர்ந்து செய்தன. ஒரு மனிதன் நினைத்து நடத்திய காரியமாக அதை விளக்க முடியவில்லை. பொருளுக்குச் செயல் உண்டு என்பதன் அர்த்தம் இவ்வளவுதான். கல்லுக்கு எண்ணம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊரிலேயே 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் இரும்பு துருப்பிடிப்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். இரும்பு சும்மா கிடக்கும் பொருள் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

செட்டிநாட்டு வீட்டைப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புப் பூச்சு, மழையை உள்ளே வாங்கும் வளவு, அதாவது நடுமுற்றம். ஆள் இல்லாமல் பூட்டிப் போட்டால் ஓடு சரிகிறது, தண்ணீர் இறங்குகிறது, கரையான் ஏறுகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளை அந்த ஓடும் கரையானும்தான் ஒன்றாக உட்கார்ந்து பேச வைக்கின்றன. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வரவைக்கின்றன. சண்டை போடவும் வைக்கின்றன. வீட்டை மனிதர் கட்டினார்கள், சரி. பங்காளி உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதை வீடும் முடிவு செய்கிறது.

தொல்காப்பியத்துலயே எல்லாம் இருக்கே. இதை வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஏன் கத்துக்கணும்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அதன் மரபியல் என்ற பகுதியில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரித்த இடத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு உண்டு என்று அவ்வளவு காலத்துக்கு முன்னால் எழுதியது பெரிய விஷயம். ஆனால் அது ஒரு வரிசை. அதன் உச்சியில் ஆறாம் அறிவோடு மனிதன் நிற்கிறான். அரிஸ்டாட்டிலிடமும் இப்படி ஒரு வரிசை உண்டு. பின்மனிதவாதம் கேள்வி கேட்பது இந்த வரிசையைத்தான் என்பதால், அதையே சான்றாகக் காட்ட முடியாது.

நமக்கு உண்மையிலேயே வளமான இடம் திணைக் கோட்பாடு. கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. நிலமும் பொழுதும் இல்லாமல் காதலைச் சொல்லவே முடியாது. நற்றிணை 172-ஆம் பாட்டில், பெண்கள் விளையாடிப் புதைத்த விதையிலிருந்து முளைத்த புன்னையைத் தாய் மகளுக்கு உடன்பிறந்தவளாகக் காட்டுகிறாள். அந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தோழி காதலனிடம் சொல்கிறாள். இங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ‘நாங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டோம்’ என்று முடித்துவிட்டால் பாட்டையும் படிக்கவில்லை, கோட்பாட்டையும் படிக்கவில்லை என்றாகிவிடும்.

பூங்குன்றனார் ஊர்க்காரங்க நாங்க. ‘யாதும் ஊரே’ன்னு பெருமையா சொல்றோம். அதுவும் தப்புன்னு வருமா?

வராது. திருப்பத்தூர்ப் பக்கம் மகிபாலன்பட்டியைப் பூங்குன்றமாகக் கொண்டாடுவதில் எனக்கும் பெருமை உண்டு. அந்தப் பாட்டின் முதல் வரியோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பேராற்று வெள்ளத்தில் போகும் புணையைப்போல, அதாவது தெப்பத்தைப்போல, உயிர் முறைவழிப் போகிறது என்று அது சொல்கிறது. பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ அதைவிடவும் மாட்டோம் என்று முடிகிறது. தன் போக்கைத் தானே முழுக்கத் தீர்மானிக்கும் மனிதன் அந்தப் பாட்டில் இல்லை.

கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுறதில்லையே. அது போஸ்ட்ஹியூமனிசமா?

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் அதுவும் ஒன்று. கண்மாயில் நாரைகளும் கரண்டிவாயன்களும் தங்கும் காலத்தில்தான் தீபாவளி வருகிறது. அரசு 1977-இல் சரணாலயமாக அறிவித்தது. வெடிக்காமல் இருப்பது ஊர் தானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்லது என்றும் ஊரில் சொல்வார்கள். அன்பு, பயன், பழக்கம், ஊர்க் கௌரவம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆராய்ச்சிக்கு அருமையான இடம்.

ஆனால் அந்த மக்களுக்கு ஒரு மேலைக் கோட்பாட்டின் பெயரை ஒட்டிவிட்டுத் திரும்பி வருவது ஆய்வு ஆகாது. அவர்கள் செய்வதால் கோட்பாட்டில் எது மாற வேண்டும் என்று கேட்க வேண்டும். தீபாவளி வெடியை விட்டுக்கொடுத்த குழந்தையிடம் முதலில் பேசுங்கள்.

கோயில் நிலம் சாமி பேர்லதானே இருக்கு. மனுஷன் இல்லாததுக்கும் உரிமை உண்டுன்னு நாம ஒத்துக்கிட்டாச்சே?

நல்ல பிடி. இந்தியச் சட்டத்தில் கோயில் மூலவர் சட்டப்படியான ஓர் ஆள். சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். பிள்ளையார்பட்டி விநாயகருக்கும் இது பொருந்தும். 2017-இல் நியூசிலாந்தில் வாங்கனூய் ஆற்றுக்கு இதே நிலை தரப்பட்டது. அதே ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கை, யமுனைக்குத் தந்ததை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை, இயற்கை அன்னையைச் சட்டப்படி உயிருள்ள ஆளாக அறிவித்தது.

சிக்கல் எங்கே என்றால், சாமிக்காகப் பேசுபவர் அறங்காவலர்; உத்தராகண்ட் தீர்ப்பில் ஆற்றுக்காகப் பேச வைக்கப்பட்டவர் அதிகாரி. ஆற்றை மதிக்க அதை மனிதனைப்போல ஆக்கித்தான் தீர வேண்டுமா என்றும் வுல்ஃப் போன்றவர்களின் வழியில் கேட்கலாம். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களிடம் கேட்டால், சாமி பெயரில் யார் அதிகாரம் செய்தார்கள் என்று சொல்வார்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டை இவங்க எதிர்ப்பாங்களா, ஆதரிப்பாங்களா?

இரண்டு பக்கமும் இருப்பார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. விலங்குரிமையாளர் காளையின் வலியைப் பேசுவார்கள். ஹாரவேயைப் படித்தவர்கள் வருடம் முழுக்கக் காளையோடு வாழும் வீட்டை, அந்தப் பழக்கத்தை, இரண்டு உயிரும் ஒன்றையொன்று பழக்குவதைப் பார்ப்பார்கள். என் கருத்து: உறவு என்று சொல்லிவிடுவதால் வலி இல்லாமல் போகாது. தடை போட்டுவிட்டால் காளை நன்றாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. ஒரு விடை வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் துறை உதவாது.

அண்ணே, எங்களையே இன்னும் மனுஷனா நடத்தலை. அதுக்குள்ள மனுஷனைத் தாண்டிப் போகணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இதற்குப் பதில் சொல்லாத எந்தப் பின்மனிதவாதமும் நம் ஊரில் நிற்காது.

1927 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் மகாடு என்ற ஊரில் அம்பேத்கர் பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடித்த குளம் அது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் குடிக்கக் கூடாது. அதாவது மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே இருந்த கோடு அங்கே எப்போதோ தாண்டப்பட்டிருந்தது. விலங்கு உள்ளே, மனிதர் வெளியே. கோடுகள் கலைந்தாலே விடுதலை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் குளத்தின் கரையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். செட்டிநாட்டு ஊருணிகளைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். மழையைத் தேக்கும் பொறியியல், கால் நனைக்காமல் காக்கும் ஒழுங்கு, தவளையும் தாமரையும். எல்லாம் உண்மை. எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று இருந்தது என்பதை எழுதாமல் ஊருணியை எழுதினால் அது பாதி எழுத்து.

கருப்பினச் சிந்தனையாளர்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். சில்வியா விண்டர், ‘மனிதன்’ என்ற ஒரு வகை மட்டுமே மனித குலம் முழுவதற்கும் பதிலாக நிறுத்தப்பட்டதைக் காட்டினார். 2020-இல் சகியா இமான் ஜாக்சன், கருப்பினத்தவர் மனிதத்திலிருந்து வெறுமனே தள்ளப்படவில்லை, தேவைக்கு ஏற்ப விலங்காகவும் மனிதராகவும் வளைக்கப்பட்டார்கள் என்று எழுதினார். தாண்டிப் போவதற்கு முன்னால் எல்லோரும் உள்ளே வர வேண்டுமா என்று கேட்டால், உள்ளே வரும் போராட்டம்தான் அந்த அளவுகோலையே உடைக்கிறது என்பேன். மகாடு செய்தது அதைத்தான். ஆகவே முதல் பதிலில் சொன்ன இரண்டு கேள்விகளில் இரண்டாவதை முதலாவதாக வைத்துப் படியுங்கள்.

பகுத்தறிவையே கேள்வி கேட்டா பெரியாரை எங்க வைக்கிறது?

மேலே சொன்ன போராட்டத்தின் பக்கத்தில். அறிவை வைத்து உயிர்களுக்கு உயர்வு தாழ்வு போடுவதைப் பின்மனிதவாதம் எதிர்க்கிறது. பெரியார் அறிவைக் கொண்டு பிறப்பின் உயர்வு தாழ்வை உடைத்தார். ஆறாம் அறிவு பற்றிய அவர் பேச்சில் விலங்கு கீழேதான் நிற்கிறது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் யாருக்கு எதிராக எதற்காகப் பேசினார் என்பதை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

வீடு செஞ்சது, மரம் செஞ்சதுன்னு சொல்லிட்டா, செஞ்ச மனுஷன் தப்பிச்சுக்குவான் இல்லையா?

தப்பிக்க இடம் உண்டு. மின்தடை உதாரணத்திலேயே, பென்னட் நிறுவனங்களைச் சும்மா விட்டுவிட்டார் என்று விமர்சித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் வீட்டைப் பற்றி நான் சொன்னதை இன்னும் நீட்டிப் பாருங்கள். அந்தத் தேக்கு வந்த பர்மாவில், 1930-களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, 1937 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்திருந்தது. நெல் விலையும் ஆங்கிலேயரின் சட்டமும் வட்டிக் கணக்கும் சேர்ந்து செய்தவைதான். அதற்காகப் பேரேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கும் நிலத்தை இழந்தவருக்கும் ஒரே பொறுப்பு ஆகிவிடாது. கூட்டாளிகளின் பட்டியலைப் பெரிதாக்குவதால் ஒவ்வொருவரின் பங்கையும் நுணுக்கமாகச் சொல்லும் வேலை கூடுகிறது.

எல்லாம் சரி சார், கடைசியில இதையும் மனுஷன்தானே எழுதுறான்? மாடும் மரமும் எழுதலையே?

ஆமாம். அதற்கு வெளியே போக முடியாது, போய்விட்டதாகச் சொல்லவும் கூடாது. ஹாரவே 1988-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு உதவும்: எங்கும் நில்லாமல் எல்லாவற்றையும் பார்க்கும் பார்வை கிடையாது, ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் நின்று ஒரு பகுதியைத்தான் பார்க்கிறோம், அந்த இடத்தைச் சொல்லிவிட்டுப் பேசுவதே நேர்மை.

அதனால் ஆய்வேடு எழுதுபவர்களிடம் நான் கேட்பது: முறையியல் அத்தியாயத்தில் நீங்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள், ஆய்வு செய்யும் ஊரில் யார் வீட்டில் தங்கினீர்கள், யார் உங்களிடம் பேச மறுத்தார்கள் என்பதை எழுதுங்கள். காளையைப் பற்றி எழுதினால் அது எப்போது சாப்பிடவில்லை, எப்போது முரண்டு பிடித்தது என்று வளர்ப்பவர் சொன்னதைத் தேதியோடு குறியுங்கள். ‘காளை நினைத்தது’ என்று எழுதத் தோன்றும் இடத்தில், அதை உங்களிடம் சொன்னது யார் என்று போடுங்கள்.